லெஃப்ட்டா… ரைட்டா…?

மாலை ஏழு மணிக்குச் சென்னை வடபழனி சிக்னலில் சிவப்பு விழுந்ததும், சுற்றி நிற்கும் ஸ்கூட்டர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒருவர் இடது கையில் போனைப் பிடித்தபடி, கட்டைவிரலால் மேப்பைத் தள்ளிக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகியிருப்பார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அவருக்கு மட்டும் வழி சொல்லிக்கொண்டிருக்கும். வேறொருவருக்குச் சட்டைப் பாக்கெட்தான் ஸ்பீக்கர். பின்சீட்டில் மனைவி இருந்துவிட்டால் போன் அவர் கைக்குப் போய்விடும். “லெஃப்ட்டுங்க, லெஃப்ட்டு… ஐயோ, தாண்டிட்டீங்க!” என்ற சத்தம் அங்கிருந்துதான் வரும். ஹோல்டர் மாட்டி, அதில் போனை முறையாக உட்கார வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் டெலிவரி பையன்களும் பைக் டாக்ஸிக்காரர்களும்தான். அவர்களுக்கு அது பிழைப்பு. மற்றவர்களுக்கு, எப்போதாவது ஒரு கல்யாண மண்டபத்தைத் தேடும்போது மட்டும் நினைவுக்கு வரும் சமாசாரம்.

கார் ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஏ.சி. காற்று, நிழல், சார்ஜர், காலியாகக் கிடக்கும் டேஷ்போர்டு எல்லாம் அவருக்கு உண்டு. ஸ்கூட்டரிலோ போன் வெயிலில் காய வேண்டும், மழையில் நனைய வேண்டும், பள்ளத்தில் குதிக்க வேண்டும். ஓட்டுகிறவரின் கண்ணும் இரண்டு கைகளும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. என்னைக் கேட்டால், ஸ்கூட்டரில் மேப்பைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதே மேல் என்பேன். ஆனால் அதற்கும் முதலில் போனுக்கு ஓர் இடம் வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் ஹேண்டில்பார் என்பது வெளியே தெரியும் ஓர் இரும்புக் குழாய். அதைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்செஸ் மாதிரி ஸ்கூட்டர்களில் அந்தக் குழாயை முழுக்க பிளாஸ்டிக் மூடியிருக்கும். பிடிப்பதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே உலோகம், பின்பார்வைக் கண்ணாடியின் தண்டு. ஆகவே ஸ்கூட்டருக்கான ஹோல்டர்கள் பெரும்பாலும் அந்தத் தண்டின் அடியில்தான் போய் உட்காருகின்றன.

சென்னையில் இதற்கென்றே ஜி.பி. ரோடு இருக்கிறது. பெயர்ப்பலகையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, வாயில் ஜி.பி. ரோடு. சீட் கவர், ஹாரன், ஃபாக் லைட் என்று வண்டிக்குப் போடக்கூடிய நகைநட்டு அத்தனையும் அங்கே கிடைக்கும். ஹோல்டர் கேட்டால் கடைப் பையன் மூன்று நான்கு ரகங்களை எடுத்துப் போடுவான். நான்கு மூலையிலும் நகம் மாதிரி வந்து கவ்வுவது ஒன்று. பின்னால் திருகினால் இரண்டு தாடையும் நெருங்கிப் பிடிப்பது ஒன்று. போனை உள்ளே போட்டு ஜிப் இழுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று. விலையையும் பையையும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் அடுத்த கேள்விக்குப் போய்விடுவான்: “லெஃப்ட்ல போடவா சார், ரைட்லயா?”

யோசிக்காமல் ‘ரைட்டு’ என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறைய. வலக்கைப் பழக்கம். ஆனால் வலக்கையில் ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது. திரையைத் தொட அந்தக் கையை எடுத்தால் வண்டி தளரும், பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். அதைவிடப் பெரிய காரணம் கண்ணாடி. நம் ஊரில் இடதுபுறம் ஒதுங்கி ஓட்டுகிறோம். முறையாக முந்துகிற பஸ்ஸும் லாரியும் வலப்பக்கம்தான் வருகின்றன. வலக் கண்ணாடி ஒரு கணம் தவறான கோணத்தில் இருந்தாலும் ஆபத்து. கால் கிலோ எடையை அதன் தண்டில் தொங்கவிட்டால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் நட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், கண்ணாடி தானாகத் திரும்பிக்கொள்ளும். எனவே இடதுதான் சரி. இடதுபக்கம் முந்துகிறவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

மாட்டும் வேலை பார்க்க எளிது. கண்ணாடியின் அடியில் இருக்கும் ரப்பர் தொப்பியை மேலே தள்ளி, 14-ஆம் நம்பர் ஸ்பேனரால் கடைப் பையன் லாக் நட்டைத் தளர்த்துகிறான். கண்ணாடியை முழுக்கக் கழற்றி, ஹோல்டரின் துளைத் தகட்டை நடுவில் வைத்து, மறுபடி திருகுகிறான். இங்கே ஒரு விஷயத்தைக் கண்கொண்டு பார்க்க வேண்டும். தகடு எவ்வளவு கனமோ, அந்த அளவுக்குக் கண்ணாடியின் மறை உள்ளே போவது குறையும். மிகவும் தடித்த தகடாக இருந்தால் கண்ணாடி இரண்டு மூன்று சுற்றுப் பிடிப்பில்தான் நிற்கும். அப்படிப்பட்ட ஹோல்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. நீங்களே கழற்றுவதாக இருந்தால் இன்னொன்று: பல யமஹா வண்டிகளில் வலக் கண்ணாடிக்கு மறை எதிர்த்திசையில் ஓடும். தெரியாமல் பலமாகத் திருப்பினால் மறை போய்விடும்.

மாட்டி முடித்ததும் பையன் போனைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிக் காட்டுவான். போனோடு சேர்ந்து ஹேண்டிலே ஆட வேண்டும். போன் மட்டும் தனியே ஆடினால் இன்னும் முறுக்க வேண்டும். அவன் செய்யாமல் விடும் சோதனையை நாம் செய்துகொள்ளலாம். ஹேண்டிலை இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்கள். போன் முழங்காலில் இடிக்கிறதா, பிரேக் லீவரைப் பிடிக்கும் விரலுக்கு இடையூறாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். யூ-டர்ன் எடுக்கும்போது தெரிந்துகொள்வதைவிடக் கடை வாசலில் தெரிந்துகொள்ளலாம்.

கண்ணாடித் தண்டில் மாட்டுவதில் இருக்கும் குறை அதிர்வு. நீளமான கையின் முனையில் தொங்குவதால், தூண்டில் நுனி போல, அடியில் சின்ன ஆட்டம் என்றாலும் மேலே பெரிதாகத் தெரியும். திரை மங்கலாகத் தெரிவதோடு விஷயம் முடிவதில்லை. இப்போதைய போன் கேமராக்கள் பலவற்றில் கை நடுக்கத்தைச் சரிக்கட்ட லென்ஸே நகரும்படியான நுட்பமான அமைப்பு இருக்கிறது. பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு தொடர்ந்து பட்டால் இது கெட்டுப்போகலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. மொபெட், மின்சார ஸ்கூட்டர் போன்ற சிறிய வண்டிகளில் அதிர்வு குறைவுதான், இருந்தாலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் அமைப்போடு மாட்டுங்கள் என்பதும் அந்தக் குறிப்பில் உண்டு. நம் 110 சிசி ஸ்கூட்டர்களை அந்த இரண்டாம் ரகத்தில் சேர்க்கலாம். ஆனால் ஆற்காடு ரோட்டின் பள்ளங்களை ஆப்பிள் கணக்கில் எடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நாள் முழுக்க ஓட்டும் டெலிவரிக்காரர்களில் சிலர் பழைய போன் ஒன்றை மேப்புக்கென்றே வைத்துக்கொண்டு, நல்ல போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு.

அடுத்தது வெயில். ஐபோனை 35 டிகிரி வரைக்குமான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. சென்னையில் மே மாதம் அந்த 35 டிகிரி மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வந்துவிடும். சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். வெளிச்சம் அதிகம் தேவைப்படும் நடுப்பகலில்தான் திரை இருளும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இதை இன்னும் மோசமாக்கும்; காற்று போகாமல் போன் உள்ளேயே வேகும். மழைக்கென்று பையை வாங்கினால் மழைக்கு மட்டும் போடுங்கள். மழையில் வேறு வேடிக்கை. நம் விரலிலிருக்கும் மின்தன்மையை உணர்ந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது. தண்ணீர்த் துளியும் அதற்கு விரல் மாதிரிதான். நான்கு துளி விழுந்தால் மேப் தானாகப் பெரிதாகும், சிறிதாகும், சில நேரம் யாருக்காவது போன்கூடப் போட்டுவிடும். மழை வந்தால் திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்பதே வழி.

சார்ஜ் பற்றி ஒரு கணக்கு. மேப் ஓடும்போது திரை, டேட்டா, ஜி.பி.எஸ். மூன்றும் ஒன்றாகத் தின்னும். அதனால் யூ.எஸ்.பி. சார்ஜர் மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்கூட்டர் பேட்டரி 12 வோல்ட், கொள்ளளவு பொதுவாக 3 முதல் 5 ஆம்பியர்-மணி. நடுவில் 4 என்று வைத்தால் மொத்தம் 48 வாட்-மணி. 5,000 மில்லி ஆம்பியர்-மணி போன் ஒன்றை முழுதாக நிரப்பச் சுமார் 19 வாட்-மணி வேண்டும்; வழியில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் ஸ்கூட்டர் பேட்டரியில் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடும்போது இது ஒன்றுமே இல்லை, வண்டி மறுபடி நிரப்பிக்கொள்ளும். ஹோட்டல் வாசலில் ஆர்டருக்காக எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் ஆனில் வைத்துச் சார்ஜ் போட்டால், மறுபடி செல்ஃப் அடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அப்புறம் கிக்கர்தான், சில புது மாடல்களில் அதுவும் கிடையாது.

இவ்வளவு பாடுபட்டு மாட்டிய கருவி சரியான வழியைச் சொல்கிறதா? கிளம்பும்போதே சந்தேகம் வரும். வண்டி நிற்கும் திசை ஒன்று, மேப்பில் அம்புக்குறி காட்டும் திசை வேறு. நின்றிருக்கும்போது போனுக்குத் தன் முகம் எந்தப் பக்கம் என்று சொல்வது உள்ளேயிருக்கும் காந்தமானி. பக்கத்திலேயே இரும்பு இருந்தால் அது குழம்பும். காந்தம் வைத்துப் பிடிக்கும் ஹோல்டராக இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி நகர ஆரம்பித்ததும், இப்போது இருக்கும் இடத்தையும் அடுத்த நொடி இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டுத் திசையைத் தெரிந்துகொள்ளும். அதனால் கிளம்பும் இடத்தில் அம்புக்குறியோடு சண்டை போட வேண்டாம். பத்து இருபது மீட்டர் ஓட்டுங்கள், தானாக நேராகிவிடும்.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அரசு நடத்தும் செயற்கைக்கோள் கூட்டம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அவை ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து போன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் இடத்தில் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டைன் சொன்ன சார்பியல் விளைவால், மேலேயுள்ள கடிகாரங்கள் நம் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் வடபழனியில் நிற்பவரை ஒரே நாளில் பல்லாவரம் பக்கம் கொண்டுபோய்விடும். 2000 மே 2 வரைக்கும் பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அந்தப் பிழை நூறு மீட்டர் வரைக்கும் போகும். அப்படியே இருந்திருந்தால் தெருவைக் கண்டுபிடிக்கும் மேப் என்ற தொழிலே பிறந்திருக்காது.

நமக்கே நமக்கு என்று இஸ்ரோவின் நாவிக் இருக்கிறது. முதல் செயற்கைக்கோள் 2013-இல் போனது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த அணுக்கடிகாரங்கள் அதில் பழுதாகின. 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்.வி.எஸ்.-01 உள்நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரத்தைச் சுமந்து சென்றது. போன்கள் சுலபமாகப் பிடிக்கும் எல்-1 அலைவரிசையிலும் அது பேசுகிறது. 2025 ஜனவரியில் போன அடுத்தது, போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச்சேரவில்லை. புது போன்களில் பல ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கின்றன.

இத்தனை பேர் சேர்ந்து சொன்னாலும், திறந்த வானத்தின் கீழேயே போனுக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் பிசகு உண்டு. ஐந்து மீட்டர் என்பது நூறடி ரோட்டுக்கும் அதன் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான். உயரத்தில் பிசகு இன்னும் அதிகம். ஆகவே நீங்கள் மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று போனுக்குச் சட்டென்று பிடிபடாது. கத்திப்பாராவில் இதை நன்றாகப் பார்க்கலாம். 2008-இல் திறந்த அந்தக் குளோவர் இலைப் பாலத்தில் ஜி.எஸ்.டி. ரோடு, அண்ணா சாலை, நூறடி ரோடு, பூந்தமல்லி ரோடு எல்லாம் வளைந்து வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. அங்கே போய் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் ஏர்போர்ட் பக்கம் இறங்கியிருப்பீர்கள். அந்த இடத்தில் தலைக்கு மேலிருக்கும் பச்சைப் பலகை சொல்வதுதான் வேதவாக்கு. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் தெருக்களிலும் இதே கதை. நேற்று ராத்திரி நகர்த்தி வைத்த தடுப்பு மேப்புக்கு இன்று காலையில் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கூகுள் மேப்ஸ் இரு சக்கர வாகனத்துக்கென்று தனி வழி காட்டத் தொடங்கியது 2017 டிசம்பரில். உலகத்திலேயே முதலில் இந்தியாவில்தான். ஆனாலும் காருக்கான படத்தையே வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பைக் படத்தைத் தொட்டால் கார் நுழையாத சந்துகளும் வழியாகக் கிடைக்கும். நம்மை விடாத சாலைகளைத் தவிர்ப்பதற்கும் அது வேண்டும். உதாரணத்துக்கு, 2023 ஆகஸ்டிலிருந்து பெங்களூரு-மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் அனுமதி இல்லை. கார் என்று போட்டால் மேப் சந்தோஷமாக அங்கேதான் அழைத்துப் போகும். சந்து வழிக்கும் ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். மேப்புக்கு நீளம் தெரியும், வெளிச்சம் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் மிச்சம் என்று அது காட்டும் சந்தைவிட, பெரிய ரோடே போதும்.

டேட்டா தீர்ந்தால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கைக்கோள் சிக்னலுக்குக் காசும் இல்லை, சிம்மும் தேவையில்லை. டேட்டா தேவைப்படுவது படத்துக்கும் டிராஃபிக் நிலவரத்துக்கும்தான். போகும் ஊரின் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் ஏற்காடு மலைப்பாதையிலும் வழி தெரியும். ஆரம்ப இடத்தைப் பிடிக்க மட்டும் நெட்வொர்க் இல்லாதபோது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இனி கண்ணும் காதும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டர் ஒரு நொடியில் 11 மீட்டர் நகரும். திரையில் ஒரு தெருப் பெயரை வாசிக்க இரண்டு நொடி என்றால், 22 மீட்டர் நீங்கள் பார்க்காமலேயே ஓட்டுகிறீர்கள். நம் தெருவில் 22 மீட்டருக்குள் ஒரு நாய், ஒரு பள்ளம், எதிர்த்திசையில் வரும் ஓர் ஆட்டோ ஆகிய மூன்றுக்கும் இடம் உண்டு. ஆகவே கிளம்புவதற்கு முன்னால் முழு வழியையும் ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, பெரிய திருப்பங்கள் மூன்று நான்கை மனத்தில் வைத்துக்கொண்டு, மீதியைக் குரலிடம் விட்டுவிடுவது உத்தமம். தமிழிலேயே சொல்லும்படி வைத்துக்கொள்ளலாம். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் சின்ன ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. காதை அடைத்துவிடாமல் ஹாரன் சத்தத்தையும் உள்ளே விடும். இரண்டு காதிலும் இயர்போன் செருகிக்கொண்டு ஓட்டுவதற்கு அதைவிட எவ்வளவோ மேல். டெலிவரி வேலையில் இருக்கும் ஒரு தம்பி என்னிடம் சொன்னது: “மேப்பைப் பார்த்தா லேட் ஆவும்ணே. காதுல கேட்டா சீக்கிரம் போயிரலாம். கேட்டுக்கிட்டு போயி, கேட்டாண்ட நின்னு பாத்தா போதும்.”

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் போனைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. 2020 அக்டோபரில் வந்த விதித் திருத்தம் ஒரு விலக்குக் கொடுத்தது: வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம். ஹோல்டரில் மேப் ஓடுவது குற்றமல்ல. அதே ஹோல்டரில் வாட்ஸ்அப் வீடியோ ஓடினால் அந்த விலக்கு கைகொடுக்காது.

மேப்பை முழுக்க நம்பியதன் விலையும் நம் கண்முன் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்று கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில், மழை இரவில் ஒரு கார் ஆற்றுக்குள் இறங்கி, இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, பாதி இல்லாத பாலத்திலிருந்து ராம்கங்கையில் கார் விழுந்து மூன்று பேர். இரண்டிலும் மேப்பைப் பின்பற்றியதாகத்தான் செய்திகள் வந்தன. பரேலியில் உடைந்த பாலத்தின் முன்னால் தடுப்பு வைக்காதவர்கள்மீதும் கேள்வி எழுந்தது, எழுந்தது நியாயம்தான்.

வண்டி செய்யும் நிறுவனங்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. டி.வி.எஸ். 2018-இல் கொண்டுவந்த என்டார்க் 125, புளூடூத் வழியாகப் போனோடு பேசி, திரும்ப வேண்டிய திசையை மீட்டரிலேயே அம்புக்குறியாகக் காட்டியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் 2013-இல் தொடங்கிய ஏத்தர், தன் மின்சார ஸ்கூட்டரின் ஹேண்டில் நடுவே ஏழு அங்குலத் திரையையே வைத்து மேப்பைக் கொடுத்தது. இவை இரண்டிலும் போனைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வெறும் அம்புக்குறி மட்டும் காட்டும் மீட்டர்தான் எனக்குப் பிடித்தது. ஒரு கணப் பார்வையில் விஷயம் முடிந்துவிடும். வெளிநாட்டில் கார்மின், டாம்டாம் நிறுவனங்கள் பைக்குக்கென்றே தண்ணீர் புகாத, கையுறையோடு தொடக்கூடிய ஜி.பி.எஸ். கருவிகள் செய்கின்றன. அவற்றின் விலைக்கு இங்கே நல்ல பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம் என்பதால் நம் தெருக்களில் அவற்றைப் பார்ப்பது அபூர்வம்.

பிரச்சினை, ஊரில் அதிகம் ஓடும் சாதாரண 110 சிசி ஸ்கூட்டர்களில். பல மாடல்களில் யூ.எஸ்.பி. துளை கொடுக்கிறார்கள், அதுவும் சீட்டுக்கு அடியிலோ முழங்காலுக்கு முன்னாலிருக்கும் பெட்டிக்குள்ளோ. போன் இருக்க வேண்டியது ஹேண்டிலில். அங்கே அதைப் பிடிக்க இடம் இல்லாததால்தான் கண்ணாடியைக் கழற்றி, தகட்டைச் செருகி, வயரை முழங்கால் உயரத்திலிருந்து இழுத்து, டேப் சுற்றுகிறோம். ஹேண்டில் நடுவில், உள்ளிருக்கும் இரும்பில் மறை போட்ட இரண்டு துளையும், அதன் பக்கத்தில் மூடி போட்ட ஒரு யூ.எஸ்.பி. முனையும் வைக்கத் தொழிற்சாலையில் எவ்வளவு செலவாகிவிடும்? ஷோரூமில் இதைக் கேட்டால், கிரோம் பம்பரும் மேட்டும் சேர்ந்த ஆக்சஸரீஸ் பட்டியலை எடுத்து நீட்டுகிறார்கள்.